போட எவரும் போடலாம், எடுக்கத்தான் சீட்டு வேணும்



போன மாதக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் ஒரு விசயம் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்: முகத்துக்குப் போடுகிற ஃபில்லர் ஊசியால் வருசக்கணக்காகப் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி எங்கட நிலைப்பாடு என்ன? ரெண்டு பேர் சிரித்தார்கள். இன்னொரு தோழர் சிரிக்கவில்லை, உண்மையான கோபத்தோடு கேட்டார்: "செம்மணியில எலும்புக்கூடு தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறாங்கள். நீர் இங்க சொண்டு ஊசியைப் பற்றிக் கதைக்கப் போறீரோ?"

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இது அந்தப் பதில். கொஞ்சம் நீளம்தான், தேத்தண்ணி ஒன்று போட்டுக்கொண்டு வாசியுங்கோ.

முதலில் என்ட கதை. 2018, எனக்கு 21 வயது. பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம். சேலைக் கடையில் வைத்து மாமி என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினா. "என்ன பிள்ளை, கண்ணுக்குக் கீழ கறுத்துக் குழி விழுந்து போய்க் கிடக்கு. படிச்சுப் படிச்சுக் கிழவியாப் போறியே?" அன்பாகத்தான் சொன்னா. எங்கட வீடுகளில் இந்த மாதிரி அன்பு நிறையக் கிடைக்கும். பக்கத்தில் அம்மா சேலை விரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தா. ஒன்றும் சொல்லவில்லை.

ரெண்டு கிழமை கழித்து லண்டனில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கிற ஒரு தெருவில், சலூன் ஒன்றின் மேல்மாடி அறையில் போய்ப் படுத்தேன். 180 பவுண். கலியாணப் பொதியோடு சேர்ந்தபடியால் கழிவு என்றார்கள். ஊசி போட்ட அக்கா சிரித்த முகம், என்னைத் "தங்கச்சி" எண்டுதான் கூப்பிட்டவ. "இது உடம்பில ஏற்கெனவே இருக்கிற சாமான்தான். ஆறு மாசம், மிஞ்சினா ஒரு வருசம். பிறகு தானாக் கரைஞ்சிடும்." என்ன மருந்து, எந்தக் கொம்பனி, என்ன இலக்கம், ஒன்றும் நான் கேட்கவில்லை. அவ காட்டவும் இல்லை. ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன். பிரதி தரவில்லை.

படங்கள் நல்லா வந்தன. அதை மறைக்கப் போவதில்லை.

2022 இல் கடைவாய்ப்பல்லில் சீழ் பிடித்தது. அடுத்த கிழமை காலமை எழும்பினால் ரெண்டு கண்ணுக்குக் கீழயும் தண்ணிப் பை. பின்னேரம் வற்றும், விடியக் காலமை திரும்ப வரும். தடிமன் வந்தால் இன்னும் மோசம். இடது பக்கத்தில் கடலை அளவில் ஒரு கட்டி, அதற்கு மேலே மங்கல் நீலம். ஜிபி சிறுநீரகம் பார்த்தார், தைரொயிட் பார்த்தார், ஒவ்வாமை பார்த்தார். எல்லாம் சரி. நான் ஊசியைப் பற்றிச் சொல்லவே இல்லை. நாலு வருசத்துக்கு முதல் "கரைஞ்சு போன" சாமானைப் பற்றி யார் டொக்டரிடம் சொல்லுவார்கள்? எட்டு மாதம் கழித்துக் கண் பிரிவில் ஒரு பயிற்சி டொக்டர்தான் கேட்டா: "முகத்துக்கு எப்பவாவது ஏதாவது போட்டனீங்களா?" அல்ட்ராசவுண்டில் பார்த்தால் அது அங்கேயே இருக்கிறது. போட்ட இடத்திலும் இருக்கிறது, போடாத இடத்துக்கும் நகர்ந்திருக்கிறது.

"தானாக் கரைஞ்சிடும்" என்ற வசனத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். இந்தத் தொழில் முழுக்க அந்த ஒரு வசனத்தில்தான் நிற்கிறது.

ஹயலூரோனிக் அமிலம் எங்கட உடம்பில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் உடம்பில் இயற்கையாக இருப்பது சில நாட்களில் உடைந்து போய்விடும். அப்படி உடைந்தால் வியாபாரம் நடக்காது. ஆகவே ஆய்வுகூடத்தில் அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று இரசாயனத்தால் கோர்த்து, வலை பின்னின மாதிரிக் கெட்டியாக்குகிறார்கள். உடம்பு உடைக்கக் கஷ்டப்பட வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட ஒரு சாமானை "உடம்பில் இருக்கிற சாமான்தான்" என்று சொல்லி விற்கிறார்கள். தண்ணியை இழுத்து வைத்திருப்பது அதன் குணம், கன்னம் பொங்கி நிற்பதும் அதனால்தான். கண்ணுக்குக் கீழே தோல் மெல்லிசு, நிணநீர் மெதுவாக வடிகிற இடம். அங்கே போட்டால் வீக்கம் வருசக்கணக்கில் வந்து வந்து போகும். கிருமித் தொற்றோ பல் வைத்தியமோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டால், சும்மா கிடந்தது திடீரென்று வீங்கும். 2020 டிசம்பரில் மொடேர்னா கொவிட் தடுப்பூசிச் சோதனையில், முன்பு ஃபில்லர் போட்டிருந்த ஒருசிலருக்கு முகம் வீங்கியது பதிவாகியிருக்கிறது. தடுப்பூசியில் பிழை இல்லை, அதுக்காகத் தடுப்பூசி போடாமல் விடாதேங்கோ. ஊசி போட்ட ஆளே மறந்துபோனதை உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு காலம் இருக்கும்? குறைந்தது ரெண்டு வருசமாக ஃபில்லர் போடாத 33 பேரின் முக எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து 2024 இல் ஓர் ஆய்வு வந்தது. 33 பேரிலும் அது மிச்சம் இருந்தது. சிலரில் பத்து வருசத்துக்கும் மேலாக. 33 சின்னத் தொகைதான். ஆனால் "ஆறு மாசம்" என்று சொல்லி விற்றவர்கள், விற்கிறதுக்கு முதல் இந்தப் படத்தை ஏன் எடுத்துப் பார்க்கவில்லை?

இதுவும் கரைக்கக்கூடிய வகையைப் பற்றிய கதை. சிலிக்கோன், பிஎம்எம்ஏ மாதிரி நிரந்தர வகைகளைக் கரைக்க மருந்தே இல்லை. வெட்டித்தான் எடுக்க வேணும், அதுவும் முழுக்க வராது. இதெல்லாம் நேற்று வந்த புதினமும் இல்லை. 1900 ஆம் ஆண்டளவில் வியன்னாவில் ரொபேர்ட் கெர்சுனி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பரஃபினை உடம்புக்குள் ஏற்றத் தொடங்கினார். சில வருசத்திலேயே கட்டிகள், புண்கள், நரம்புக்குள் அடைப்பு எல்லாம் மருத்துவ இதழ்களில் வந்துவிட்டன. பிறகு மால்பரோ சீமாட்டியாக ஆன கிளாடிஸ் டீக்கன் இளவயதில் மூக்கை நேராக்கப் பரஃபின் மெழுகு ஏற்றிக்கொண்டா. மெழுகு இறங்கி முகமே உருக்குலைந்தது. நூறு வருசத்துக்கு மேலாக ஒரே கதை: புதுச் சாமான் வரும், "இது பழசு மாதிரி இல்லை" என்பார்கள், விற்பார்கள், பத்து வருசம் கழித்து முகங்கள் கணக்குச் சொல்லும்.

சரி, இனிச் சட்டத்துக்கு வருவம். என்னை நித்திரை கொள்ள விடாதது இதுதான்.

இங்கிலாந்தில் ஃபில்லர் மருந்துச் சீட்டுக்குரிய மருந்து இல்லை. போட்டொக்சுக்குச் சீட்டு வேணும், ஃபில்லருக்கு வேண்டாம். டொக்டராகவோ தாதியாகவோ இருக்கத் தேவையில்லை. ஒருநாள் பயிற்சி எடுத்தவரும் போடலாம், எடுக்காதவரும் போடலாம். ஆனால் அதைக் கரைக்கிற ஹயலூரோனிடேஸ் என்ற நொதி சீட்டுக்குரிய மருந்து. அது சீட்டுக்குள் இருப்பது சரிதான், கடும் ஒவ்வாமையைக் கொண்டு வரக்கூடிய மருந்து. நான் கேட்பது மற்றப் பக்கம். ஒரு பெண்ணின் முகத்துக்குள் சாமானை ஏற்றுவதற்கு எந்தத் தகுதியும் கேட்காத அரசு, அதை எடுக்கிற நேரம் மட்டும் "டொக்டரிட்டப் போ" என்கிறது. டொக்டரிடம் போனால் அவர் "இது அழகுக்குப் போட்டது, நாங்கள் எடுக்கிறேல்ல, போட்டவரிட்டயே போங்கோ" என்கிறார். போட்டவரிட்டப் போனனான். அந்தச் சலூன் இருந்த இடத்தில் இப்ப போன் திருத்துகிற கடை. இன்ஸ்டகிராம் கணக்கும் இல்லை, காப்புறுதியும் இருந்திருக்கவில்லை. கடைசியில் தனியார் டொக்டர் ஒருவர் நாலு தரம் கரைத்தார், ஒரு தரத்துக்கு 250 பவுண். மாஸ்டர்ஸ் படிப்புக்கென்று சனி ஞாயிறு வேலை செய்து சேர்த்த காசு. வீக்கம் முக்கால்வாசி குறைந்தது. கட்டி இன்னும் இருக்கிறது.

அரசுக்கு இது தெரியாமல் நடக்கிறதா? பிரான்ஸில் பிஐபி கொம்பனி தொழிற்சாலைச் சிலிக்கோனை மார்பகப் பொருத்திகளுக்குள் அடைத்து விற்ற ஊழல் வெடித்த பிறகு, பேராசிரியர் புரூஸ் கியோ தலைமையில் பிரித்தானிய அரசே ஒரு மீளாய்வு செய்தது. 2013 ஏப்ரலில் அறிக்கை வந்தது. ஃபில்லர் ஒரு நெருக்கடியாக வெடிக்கக் காத்திருக்கிறது என்று அதில் இருந்தது. இந்தச் சேவைகளை வாங்குகிறவருக்கு ஒரு பேனையோ பல் தூரிகையோ வாங்குகிறவரைவிடக் கூடிய பாதுகாப்பு இல்லை என்றும் இருந்தது. நான் மேல்மாடிக் கட்டிலில் படுத்தது அதற்கு ஐந்து வருசம் கழித்து. 2021 ஒக்டோபரில் இருந்து இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அழகுக்காகப் போடுவது குற்றமானது. 2022 சுகாதார, பராமரிப்புச் சட்டம் உரிமத் திட்டம் கொண்டுவர அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. 2023 இல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2025 ஓகஸ்டில் "நடவடிக்கை எடுக்கப் போகிறோம்" என்று திரும்பவும் அறிவித்தார்கள். உரிமத் திட்டம் இன்னும் நடைமுறைக்கு வரேல்ல. ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு மாறுகிற காலம் இது.

இந்தக் காலத்தில் கொம்பனிகள் சும்மா இருக்கவில்லை. நெஸ்லேயின் பால்மாவுக்கு எதிரான பகிஷ்கரிப்பைப் பற்றி நாங்கள் வாசிப்பு வட்டம் நடத்தினோம் தானே? ரெஸ்டிலேன் ஃபில்லர் செய்கிற கால்டெர்மாவும் 2019 வரை நெஸ்லேயின் கையில்தான் இருந்தது. அந்த வருசம் நெஸ்லே தன் தோல் மருத்துவப் பிரிவை 1,020 கோடி சுவிஸ் பிராங்குக்கு முதலீட்டுக் கூட்டம் ஒன்றிடம் விற்றது. 2024 மார்ச்சில் கால்டெர்மா சுவிஸ் பங்குச் சந்தையில் ஏறியது. போட்டொக்சையும் ஜூவடெர்ம் ஃபில்லரையும் வைத்திருந்த அலேர்கனை அப்வி 2020 இல் ஏறக்குறைய 6,300 கோடி டொலருக்கு வாங்கியது. போடுகிற ஒவ்வொரு மில்லிலீட்டரிலும் இவர்களுக்கு இலாபம் இருக்கிறது. எடுக்கிற செலவில் ஒரு சதமும் அவர்கள் தலையில் இல்லை. இலாபத்தைத் தனக்கு எடுத்து நட்டத்தை மற்றவன் தலையில் கட்டுவது பற்றி நாங்கள் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம்? எண்ணெய்க் கொம்பனி கடலில் செய்தால் எங்களுக்கு உடனே விளங்குது. பெண்ணின் கன்னத்தில் செய்தால் சிரிப்பு வருது.

"அவையளே விரும்பிப் போட்டவை தானே" என்ற கதைக்கு இப்ப வருவம்.

ஓம், விரும்பித்தான் போட்டனான். தோழரே, நீங்களும் விரும்பித்தான் டெலிவரி செயலியில் பதிவு செய்தனீங்கள். காலை முறித்துக்கொண்டால் "நீர் விரும்பித்தானே போனீர்" எண்டு நாங்கள் சொல்லுவமோ? அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதானே எங்கட அரசியல்? எங்கட சமூகத்தில் ஒரு பெண் பிள்ளையின் முகம் அவளுடைய சொந்தச் சொத்து இல்லை. சாமத்திய வீட்டில் அலங்கரித்து, வீடியோக்காரன் முன்னால் நிறுத்துகிற நாளில் இருந்து அது குடும்பத்தின் காட்சிப் பொருள். 1975 இல் தொடங்கி 2020 வரை ஃபெயர் அன்ட் லவ்லி என்ற பெயரோடு ஒரு களிம்பு விற்றார்களே. இப்ப பெயர் மட்டும் மாறியிருக்கு. அந்தக் களிம்பின் அடுத்த படிதான் இந்த ஊசி. கண்ணுக்குக் கீழே கறுப்பு என்பது எங்களில் பலருக்குப் பரம்பரையாக வருகிற நிறம். நிறத்தை ஃபில்லர் நிரப்ப முடியாது, குழியைத்தான் நிரப்பும். அம்மம்மாவிடமிருந்து வந்த நிறத்துக்கு நான் ஊசி போட்டுக்கொண்டேன்.

மூக்கும் அப்படித்தான். எங்கட மூக்கை "சத்திரசிகிச்சை இல்லாமல்" நேராக்கித் தருவதாக விளம்பரம் வருது. ஃபில்லரால் கண் பார்வை போவதற்கு மிக ஆபத்தான இடங்களில் மூக்கு ஒன்று. அங்குள்ள இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்தவை. குழாய் அடைபட்டால் முதல் அடையாளம் தோல் வெளிறுவதும் வலை மாதிரித் திட்டுத் திட்டாகத் தெரிவதும். எந்தத் தோலில்? பயிற்சிப் படங்களில் இருக்கிற வெள்ளைத் தோலில். கறுத்த தோலில் நோய் எப்படித் தெரியும் என்று படிக்கப் படமே இல்லையென்று 2020 இல் லண்டன் சென் ஜோர்ஜஸில் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மாணவர் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து "மைண்ட் த கப்" என்ற கைநூலே எழுத வேண்டி வந்தது. எங்கட தோலை மாற்றச் சொல்லி விற்கிற தொழில், எங்கட தோலைப் பார்க்கப் பழகவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஃபில்லர் எல்லாருக்கும் சும்மா ஆடம்பரம் இல்லை. பழைய எச்ஐவி மருந்துகளால் கன்னம் ஒட்டிப்போய், முகத்தைப் பார்த்தே ஊர் அடையாளம் கண்டுவிடும் என்று பயந்து வாழ்ந்தவர்களுக்காகத்தான் அமெரிக்காவில் 2004 இல் ஸ்கல்ப்ட்ராவுக்கு அனுமதி கிடைத்தது. உலகின் பல ஊர்களில் திருநங்கைகள் வைத்தியசாலை வாசல் அடைத்தபடியால் தொழிற்சாலைச் சிலிக்கோனை ஏற்றி, அதால் செத்தும் இருக்கிறார்கள். "அழகு ஆசை" என்று ஒரே சொல்லில் எல்லாரையும் தள்ளிவிடுகிற தோழர் இவர்களையும் சேர்த்துத்தான் தள்ளுகிறார்.

ஊசி போட்ட அந்த அக்காவிலும் எனக்குக் கோபம் இருக்கு, பொய் சொல்ல மாட்டன். ஆனால் அவவும் ஒருநாள் பயிற்சிக்குக் காசு கட்டி, கதிரைக்கு வாடகை கட்டி, கொம்பனி சொல்லிக் கொடுத்த வசனத்தைத்தான் எனக்குச் சொன்னா. அவவை மட்டும் குற்றவாளியாக்கினால் கொம்பனி கை கழுவிக்கொண்டு போய்விடும். "டொக்டர்மார் மட்டும்" என்று சொல்லி நிறுத்தினாலும் சந்தை இன்னும் பணக்காரக் கைக்கு மாறும், அவ்வளவுதான்.

இப்ப செம்மணிக் கேள்வி.

நான் ரெண்டையும் ஒரே தராசில் வைக்கேல்ல. வைக்கவும் விட மாட்டன். ஆனால் ஒன்று ஞாபகப்படுத்துறன். செம்மணிக்கு நீதி கேட்டு நாங்கள் லண்டனில் நின்ற பின்னேரம் நான் பின்வரிசையில், முகக்கவசத்தோடு நின்றனான். பதாகை பிடிக்க முன்னுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டீங்கள், வரேல்ல. படம் எடுக்கிற நேரம் விலகிப் போனனான். பிறகு குழுவில் ஒருவர் எழுதினார், "இவ இப்ப ஒதுங்கிறா" எண்டு. அன்று காலமை எனக்குக் கண் திறக்க முடியாத வீக்கம். அம்மா வெந்நீரில் துணி நனைத்து ஒத்திக்கொண்டே சொன்னா, "அண்டைக்குக் கடையில நான் மாமிக்கு ஒண்டும் சொல்லேல்ல." வருசக்கணக்காக அவவுக்குள் அது கிடந்திருக்கு. ரெண்டு வருசத்தில் எத்தனை கூட்டத்துக்கு நான் வரேல்ல எண்டு எண்ணிப் பாருங்கோ. செம்மணிக்கு நிற்க ஆக்கள் வேணும் எண்டால், நிற்க முடியாமல் வீட்டுக்குள் இருக்கிற ஆக்களை ஏனெண்டு கேட்கவும் வேணும்.

அடுத்த கூட்டத்துக்கு நான் கொண்டு வருகிற தீர்மானம் இது:

ஒன்று: உரிமத் திட்டத்தை உடனே நடைமுறைப்படுத்தச் சொல்லி எங்கட தொகுதி எம்பிமார் எல்லாருக்கும் எழுதுவது.

ரெண்டு: ஃபில்லர் செய்கிற கொம்பனிகளிடம் வரி அறவிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு என்எச்எஸ்சில் கரைக்கிற, அகற்றுகிற சிகிச்சையை இலவசமாகத் தரக் கோருவது.

மூன்று: மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், திகதி, போட்ட இடம் எழுதின அட்டை ஒன்றை ஒவ்வொருவருக்கும் கட்டாயமாகக் கொடுக்கக் கோருவது.

நாலு: எங்கட பொங்கல் நிகழ்வுக்குப் போன முறை 300 பவுண் அனுசரணை தந்த கடைகளில் ஒன்று மணப்பெண் பொதியில் ஃபில்லர் விற்கிறது. அந்தப் பதாகை எங்கட மேடையில் தொங்கினது. காசைச் சேர்த்ததும் நான்தான், அப்ப யோசிக்கேல்ல. இந்த முறை அது வேண்டாம். 300 பவுணை நாங்களே றோல்ஸ் சுட்டு விற்றுச் சேர்ப்பம்.

கடைசியாக, அரசியல் இல்லாத ஒரு விசயம். உங்களில் யாராவது போட்டிருந்தால், அல்லது தங்கச்சியோ மச்சாளோ போட்டிருந்தால்: பல் வைத்தியருக்கும் ஜிபிக்கும் சொல்லுங்கோ, பத்து வருசம் ஆனாலும் சொல்லுங்கோ. போட்ட உடனேயோ அடுத்த நாளிலோ கடும் நோ, தோல் வெளிறுதல், திட்டுத் திட்டாக நிறம் மாறுதல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். எங்கட நிறத்தில் வெளிறுவது தெளிவாகத் தெரியாமல் போகலாம், ஆகவே நோவை நம்புங்கோ. கண் மங்கினால் 999, அந்த நிமிசமே. "தானாச் சரியாகும்" எண்டு சலூனில் இருந்து வருகிற மெசேஜைக் கேட்டுக்கொண்டு இருக்காதேங்கோ. கரைக்கிறதுக்கும் சலூனுக்குப் போகாதேங்கோ. எனக்கு எழுதுங்கோ, பெயர் வெளியில போகாது.

தீர்மானத்துக்கு வாக்குப் போட எல்லாரும் வாங்கோ. சிரிச்ச ரெண்டு பேரும் வாங்கோ, கேள்வி கேட்ட தோழர் கட்டாயம் வாங்கோ. அண்டைக்கு வீக்கமோ இல்லையோ எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் முகக்கவசம் இல்லாமல்தான் வருவன்.